வெட்டாத துண்டு

எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் வசந்தி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அங்கே இருட்டறையில், அவர் வளர்த்த செல்களைத்தான் நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன். கையுறை முழுக்கச் சாயம். கைபேசி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

அக்காவோடு நெருங்கிப் பழகியவர்களுக்குக்கூட அவர் வேலை என்னவென்று முழுதாகத் தெரிந்திருக்காது. மூட்டுக் குருத்தெலும்பின் செல்களை, பஞ்சு போலத் துளைகள் நிறைந்த ஒரு குட்டிச் சட்டகத்துக்குள் விட்டு வளர்ப்பார். ஓரத்துச் செல்கள் செழிக்கும். நடுவில் இருப்பவற்றுக்கு ஊட்டநீர் எட்டாது, செத்துவிடும். ஆண்டுக்கணக்காக அந்த நடுவோடுதான் மல்லுக்கட்டினார். சாப்பாட்டு மேசையிலும் அதே புத்திதான். "கரையிலை இருக்கிறவை வடிவாச் சாப்பிடுவினம். நடுவுக்குத் தள்ளுங்கோ" என்று தன் கத்தரிக்காய்க் கறியை நடுவில் உட்கார்ந்திருக்கும் என் பக்கம் நகர்த்துவார்.

உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு இருந்த ஒரே வழி, செல்கள் வளர்ந்த அந்தத் துண்டை வெட்டிச் சாயம் போடுவது. வெட்டினால் அது பிழைக்காது. அவசரக்குடுக்கையான நான் ஒருமுறை முன்கூட்டியே கத்தியை எடுத்தபோது கையைப் பிடித்துவிட்டார். "அந்தரப்படாதையும். நாள் வரட்டும்."

அந்த மனுஷிதான் மருத்துவமனைக் கட்டிலில், "ஒண்டை இப்பவே வெட்டிப் பாரும். நடு உயிரோடை இருக்கோ எண்டு எனக்குத் தெரியோணும்" என்றார். அவர் வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடியிருந்தார்கள். "சரிக்கா, நாளைக்கே பாத்துடுறேன்" என்றேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

மறுநாள் வெட்டி, அந்த இருட்டறையில் நுண்ணோக்கியில் வைத்தேன். உயிருள்ளது பச்சை, செத்தது சிவப்பு. ஓரம் பச்சை. மெல்ல நகர்த்தினேன். நடுவும் பச்சை! கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதுவரை அழைத்தது யாரென்றுகூடப் பார்க்காமல் அக்காவின் எண்ணை அழைத்தேன். அவர் கணவர் எடுத்தார்.

"தம்பி, ரெண்டு தரம் அடிச்சனான். அவ போயிட்டா."

பச்சையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சடங்கெல்லாம் முடிந்தபின் ரானுயியில் இருக்கும் அக்காவின் வீட்டில் வைத்து அவர் கணவரிடம் அந்தப் பச்சையைச் சொன்னேன்.

"அப்ப அதுகள் இப்ப உயிரோடை இருக்கோ?"

"இல்லண்ணே. பாக்கணும்னா வெட்டித்தான் ஆகணும். வெட்டினா பிழைக்காது."

அவர் எனக்குத் தேநீர் ஊற்றப் போனார்.

அக்கா வளர்த்ததில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. என்னிடம் இருக்கும் அக்கா அவ்வளவுதான். ஞாயிறன்றும் நான் குடியிருக்கும் ஹென்டர்சனிலிருந்து ரயிலேறி ஆய்வகத்துக்குப் போய் ஊட்டநீர் மாற்றுகிறேன். அதன் நடுவில் என்ன நடக்கிறதென்று தெரியாது. அக்கா குறித்துவைத்த நாள் வந்து, போயும்விட்டது. வெட்டக் கை வரவில்லை.