பனியன் கம்பெனிக்கு ஒரு கோச்

நியூசிலாந்திலிருந்து திரும்பிய மறு வாரமே நிர்மலா, மண்ணரையில் தான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குப் போய் நின்றாள். தைத்து வரும் பனியன்களைப் புரட்டி, ஓட்டையும் அழுக்கும் பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை.

"ஏனம்மிணி, இத்தன நாளா ஆளையே காணோம்? ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலியா?" என்றார் சூப்பர்வைசர் கன்னையன்.

"இந்தியா டீமுக்கு வெளையாடப் போயிருந்தனுங்க."

கன்னையன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்கள் ஆடும் கிரிக்கெட்டை 2003இல் யார் பார்த்தார்கள்?

அவள் ஆடியது இரண்டே ஆட்டம். முதல் ஆட்டத்தில் எதிரணியின் தொடக்க ஆட்டக்காரியின் நடு ஸ்டம்பைப் பெயர்த்தாள். இரண்டாவதில், பந்தை வீசிவிட்டு ஈரப் புல்லில் கால் ஊன்றியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள்; ஆபரேஷன் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வீக்கம் வற்றியது, வேகம் திரும்பவில்லை. அடுத்த தேர்வுக்கு அவளைக் கூப்பிடவே இல்லை. அம்மா சென்னம்மாள் மட்டும், "கால் போனாப் போகுது, உசுரோட வந்து சேந்தியே கண்ணு" என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து, அவிநாசிப் பக்கம் பெரிய கம்பெனி வைத்திருந்த லிங்கசாமி ஆள் அனுப்பினார். அவருடைய ஹாஸ்டலில் தெற்கத்திப் பெண்கள் தங்கி வேலை செய்தார்கள். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், அந்தப் பெண்களுக்கு வேலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

"நம்ம புள்ளைங்கள வெச்சு ஒரு டீம் போட்டுக் குடு அம்மிணி. இந்தியாவுக்கே ஆடுன புள்ள நம்மகிட்ட கோச்சா இருக்குதுன்னா நமக்கும் பெருமைதான?"

அவளைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கம்பெனிக்குப் பின்னாலிருந்த சோளக்காட்டைச் சமன்படுத்தி மைதானமாக்கினார்கள். வெள்ளைச் சீருடை வந்தது. அது பீரோவில் பூட்டியிருக்கும், விருந்தாளிகள் வரும் நாளில்தான் வெளியே எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, சுடிதாரோடு வந்து ஆடினார்கள். பாதிப் பேருக்கு நிற்கவே தெம்பிருக்காது. அவர்களை நிர்மலா வேப்பமர நிழலில் உட்கார விட்டுவிடுவாள்.

மயிலாள் மட்டும் உட்கார மாட்டாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இடக்கைக்காரி. மழைக்காலம் முடிவதற்குள் அவள் வீசும் பந்து காற்றில் உள்ளே வளைய ஆரம்பித்தது. அப்படி ஒரு பந்தை நிர்மலாவே தன் வாழ்நாளில் வீசியதில்லை.

"இவளக் கோயமுத்தூர் செலக்சனுக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க" என்று லிங்கசாமியிடம் கேட்டாள்.

"பெத்தவங்க நம்மள நம்பி உட்டுருக்கறாங்க. கேட்டுக்கு வெளிய அனுப்பி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான பதில் சொல்லோணும்? டீமு இங்கயே ஆடட்டும். வேற ரோசனையே வேண்டாம் அம்மிணி."

அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹாஸ்டல் பெண்களை வார்டன் அவிநாசி கோயிலுக்கு அழைத்துப் போவாள். தேர்வும் அப்படியொரு ஞாயிறன்றுதான் வந்தது. செருப்பு விடும் இடத்தில் காத்து நின்ற நிர்மலா மெதுவாக, "வர்றியா?" என்று கேட்டாள். மயிலாள் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

கோவையில் அவள் பந்து வீசியபோது, தேர்வாளர் ஆறுமுகசாமி குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். "மே மாசம் கேம்ப். இந்தப் பொண்ணு கண்டிப்பா வரணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மயிலாளுக்கு வாய் ஓயவில்லை. "எக்கா, நெசமாவே ஏரோப்பிளேன்ல போனீகளா? பயமா இல்லயா?"

"ஏர்றப்ப பயமில்ல" என்றாள் நிர்மலா. "எறங்கி ஊட்டுக்கு வர்றப்பத்தான்."

அவர்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து சேருமுன்பே, பெண்ணைக் காணோம் என்று வார்டன் ஊருக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் மயிலாளின் அப்பா வீரணன் வந்தார். நிர்மலா நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் தாயி. ராத்திரியே ஊரெல்லாம் பேச்சாப் போச்சு. ஊர் வாய மூட ஒலைமூடிக்கு எங்க போவேன் நான்?"

மகளைக் கையோடு கூட்டிப்போய்விட்டார்.

லிங்கசாமி நிர்மலாவை ஏசவுமில்லை, வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. அந்த வாரம் ஜெர்மன்காரர்கள் வருவதாக இருந்தது. மயிலாளின் சீருடையை, பந்தே பிடிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்குப் போட்டு நிறுத்தினார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். நிர்மலாவும் சிரித்தாள்.

கேம்புக்கு நாள் நெருங்கியதும் மனசு கேட்காமல் விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். மயிலாள் புதுத் தாலியோடு குழாயடியில் நின்றிருந்தாள். நிர்மலாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"ஒங்க மேல கோவமில்லக்கா. கூப்புட்டீக, நாந்தான வந்தேன். ஆனா ஒங்களப் பாத்தா இவுக வீட்டுல பழசக் கெளறுவாக. இனிமே வராதீகக்கா."

குடம் நிறைந்து வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

2008 கடைசியில் ஆர்டர்கள் படுத்தன. டீமைக் கலைத்து, மைதானத்தில் துணி அடுக்க ஷெட் போட்டார்கள். நிர்மலா பழையபடி மண்ணரைக் கம்பெனியின் செக்கிங் மேசைக்கே வந்தாள்.

அடுத்த வருஷம் ஆறுமுகசாமியே அவள் வீட்டுக்குத் தேடி வந்தார். மாவட்டப் பெண்கள் அணிக்குக் கோச் வேண்டும், இந்த முறை நிஜமான அணி என்றார். நிர்மலா அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

"முடியாதுங்க."

"ஏம்மா? கால் வலியா?"

"இல்லீங்க. ஒவ்வொரு புள்ளையோட அப்பங்கிட்டயும் போயி, நம்பி அனுப்புங்கன்னு நான் கேக்கோணுமில்லீங்க? அந்த வார்த்த எனக்கு வாயில வராதுங்க."

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வழியனுப்பிவிட்டு, நிர்மலா மத்தியான ஷிப்டுக்குப் போனாள்.