எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில்

அந்த வருடம் எங்கள் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஐந்தாம் வகுப்புத் தம்பி, முதல் வகுப்பில் சேர்ந்திருந்த தங்கை. இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா தீபாவளிக்கு முந்தின மாதம் இறந்துபோனாள். அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் சாயம் சுரண்டும் வேலையில் இருந்தார். அங்கேயே மற்ற ஆட்களோடு தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு இரவு போய்விடுவார்.

தங்கைக்குக் காலைப் பள்ளி. தம்பிக்கு மத்தியானப் பள்ளி. அவள் பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வருவாள். அதற்குள் இவன் சாப்பிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். தேக்காவில் நாங்கள் இருந்த மாடியில் மற்ற அறைகளிலெல்லாம் குடும்பமில்லாத ஆண்கள். ஆறு வயதுப் பெண் பிள்ளையை அங்கே மத்தியானம் முழுக்க விட்டுவிட்டுப் போக முடியாது. ரயிலில் ஒரு இரவுத் தூரத்தில் இருக்கும் கிள்ளானிலிருந்து பெரியம்மா சொல்லியனுப்பியிருந்தாள், பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று. நான் அப்பாவிடம், "நான் பாத்துக்கிறேம்பா, வேலையும் பாத்துக்கிறேன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் சொன்னால் அப்பா நம்புவார்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறியவனுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. போன இடத்திலெல்லாம் எட்டு மணியிலிருந்து நாலரை மணி வரை என்றார்கள். "பன்னிரண்டு மணிக்கு விட்டுடுவீங்களா?" என்று நான் கேட்டதும் கோப்பை மூடினார்கள். ஓர் அலுவலகத்தில் இருந்தவர் மட்டும் சிரித்தார். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன பொம்பளை மாதிரி நேரம் கேக்குறே?"

அவர் கேலியாகச் சொன்னதில்தான் வழி தெரிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் சந்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகை மண்டியின் பின்கட்டில் காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளினார்கள். மத்தியானம் அரவை இயந்திரம் ஓடும், அதனால் பன்னிரண்டுக்குள் மூட்டை காலியாக வேண்டும். கிள்ளியதை நிறுத்துக் கூலி.

முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சீனியர் பாஸ் பண்ணிட்டு மொளகா கிள்ள வர்றேங்கிறியே, யாராவது பந்தயம் கட்டினாங்களா?"

"நேரம் ஒத்துவருது முதலாளி."

"என் கடையில கணக்கு எழுத ஏற்கெனவே ஒரு கிராணி இருக்காரு. கணக்குப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது லா."

நான் பின்கட்டுக்குள் நுழைந்ததும் ஏழெட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூத்தவள் ஒரு சாக்கை ஓரமாகத் தள்ளிப் போட்டு, "அங்கே குந்துங்க கிராணி மாப்பிள்ளை" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு மறுபடி பேச்சு நின்றது. என் பொருட்டு அவர்கள் புருஷன்மார்களைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று பிறகு புரிந்தது. பத்து நாள் போனதும் பேசத் தொடங்கினார்கள், ஆனால் என்னைத் தாண்டித்தான் பேச்சு போகும். மூக்கில் கட்டிய துணிக்குள் என் தும்மல் சத்தம்தான் எனக்குத் துணை.

என்னோடு படித்தவர்கள் வெள்ளைச் சட்டையோடு பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் நான் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

மிளகாய்க் காந்தல்தான் பெரிய தொல்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்து, சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் விரலிலிருந்து போகாது. பள்ளி வாசலில் தங்கை என் கையைப் பிடிக்க மாட்டாள், சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் வியர்த்திருந்த அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதாள். "நீ தொடாதேண்ணே. எரியுது." அன்றிலிருந்து அவள் தலையைத் தம்பி பின்னினான், கோணலாக.

நான் செய்த தப்பு ஒன்றுதான். முதல் சனிக்கிழமை அப்பா, "வேலை என்னடா?" என்று கேட்டபோது, "மண்டியிலே கிராணி வேலைப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு திருத்தத் தோன்றவில்லை. பட்டறையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார்.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும். முன்கட்டில் அப்பாவின் குரல் கேட்டது. "இங்கே கிராணி வேலை பாக்குற பையன் இருக்கானே..."

"நான்தாங்க கிராணி. இருபது வருஷமா" என்றது கடைக் கிராணியின் குரல்.

அப்பா பின்கட்டு வாசலுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் அவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர், கையில் ஏதோ அரசாங்கக் கடிதத்தோடு. அதை என்னைப் படித்துச் சொல்லவைக்க, அப்பா லீவு போட்டு அவரைக் கூட்டிவந்திருந்தார். நான் மூக்குத் துணியோடு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

மூத்தவள் கேட்டாள், "யாரைத் தேடுறீங்கண்ணே?"

"யாரும் இல்லைம்மா. இடம் மாறி வந்துட்டேன்."

நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எழுந்து பின்னால் ஓடியிருக்கலாம். மூட்டையில் பாதி மீதியிருந்தது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை அவர் சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு, "முதல்லயே சொல்லியிருந்தா நான் யார்கிட்டயும் பீத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

"பாப்பா தனியா இருக்கக் கூடாதுன்னுதாம்பா."

"தெரியும். அதுக்காக உன்னை மொளகா மூட்டைகிட்ட விடவா படிக்க வச்சேன்? கிள்ளானுக்கு எழுது."

"அப்பா..."

"எழுதுடா. எனக்கு எழுதத் தெரிஞ்சா நானே எழுதிக்க மாட்டேனா?"

பெரியம்மாவுக்கு நான்தான் எழுதினேன். தங்கையைப் பள்ளியிலிருந்து எடுக்கும் விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். அப்பா பெருவிரல் வைத்தார். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அங்கேயும் காலையிலதான் ஸ்கூலாண்ணே?"

அடுத்த மாதம் எட்டிலிருந்து நாலரை வரை வேலைக்குப் போகத் தொடங்கினேன். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் கிள்ளானுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றேன். சன்னலுக்குள்ளிருந்தவர் தமிழர்.

"எல்லாருக்கும் போக வரத்தானே?"

"அப்பாவுக்குப் போக வர. பிள்ளைக்குப் போக மட்டும்."

மூன்றாம் வகுப்பு, ஒரு முழு டிக்கெட் போக வர, ஒரு அரை டிக்கெட் போக மட்டும். இருபத்தொரு வெள்ளி ஐம்பது காசு.