முள் இல்லாத பங்காளி

எங்கள் வீடு அப்போது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம். லால்குடியிலிருந்து வந்த சித்தி எங்களோடு தங்கி, டவுன் பஸ்ஸில் காலேஜுக்குப் போய் விலங்கியல் படித்தாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஆம்பியாக்சஸ் என்று இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வேன். சித்தி படம் வரைந்து பழகுவதற்காக டீச்சரிடம் கேட்டு அந்தக் கடல் பிராணியை ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கை நிறைய வளைகாப்பு வளையல் குலுங்கப் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, நெத்திலியா?"

"மீனே இல்லக்கா. இதுக்கு முள்ளு கிடையாது. முதுகுல கயிறு மாதிரி ஒண்ணு ஓடும், அவ்வளவுதான். நமக்கெல்லாம் முதுகெலும்பு எப்படி வந்துச்சுன்னு இதை வச்சுத்தான் சொல்றாங்க. உன் வயித்துப் பிள்ளைக்கும் முதல்ல அந்தக் கயிறுதான், அப்புறம்தான் எலும்பு. இது நமக்குத் தூரத்துப் பங்காளி."

"சொத்துல பங்கு கேக்காம இருந்தா சரி" என்று அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி எதைப் பார்க்கிறாளோ அதுபோலவே பிள்ளை பிறக்கும் என்பார்கள் எங்கள் தெருவில். அம்மாவோ புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வேறு பார்த்தாள். கயிறோடு நின்று, எலும்பு வராமலே போய்விட்டால்? யாரிடமும் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

அப்பா மீன் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை, என் பங்கின் சதையைத் தின்றுவிட்டு நடுமுள்ளை முறியாமல் எடுத்து அம்மா தட்டில் வைத்தேன்.

"எச்சில் முள்ளை எனக்கு வைக்கிறியா, கழுதை!" தலையில் குட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டு அடுத்த வாரமும் வைத்தேன்.

தம்பி பிறந்தான். அப்பா கையில் தூக்கிக் கொடுத்த அத்தை, "தலை இன்னும் நிக்கல, பாத்துப் பிடிங்க" என்றாள். அவன் கழுத்து ஒரு பக்கமாகத் துவண்டது. எல்லாரும் அந்தண்டை போனதும் துணிக்குள் விரலை விட்டு அவன் முதுகைத் தடவினேன். கழுத்திலிருந்து கீழே வரைக்கும், கோத்த பாசிமணி மாதிரி, சின்னச் சின்னதாகத் தட்டுப்பட்டது. அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.

சித்தியிடம் போய், "பாப்பா ஒண்ணும் உன் புட்டிப் பூச்சி மாதிரி இல்ல. முள்ளு இருக்கு" என்றேன்.

"அவனும் அப்படி இருந்துட்டுத்தாண்டி வந்திருக்கான். நீயும்தான்."

தம்பி இருக்கட்டும், என்னையுமா? ரொம்ப நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் எனக்கு உறவுமுறை சொல்லிக்கொடுத்தாள். நானோ, அவள் என்னைத் திட்டுகிறாள் என்றே வைத்துக்கொண்டேன்.