கிரேஸுக்கு மிஞ்சிய சொற்கள்

கிரேஸ் அட்டிங், இங்கிலாந்தில் நார்ஃபோக் சதுப்பு நிலத்து ஊர்களில் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். வாய் ஓயாதவள். யார் வீட்டில் கல்யாணம், யார் மாடு கன்று போட்டது என்ற சேதியெல்லாம் கடிதங்களுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்விடும். அவள் வாய் திறக்காமல் கடந்துபோகும் வீடு ஒன்றே ஒன்றுதான், பெகி மேஸின் வீடு. பெகியின் நாய் ஒரு தடவை கிரேஸின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், "அப்படி ஓடுனா எந்த நாய்தான் சும்மா இருக்கும்?" என்றாள் பெகி. அதோடு பேச்சு நின்றது. நாய் செத்த பிறகும் தொடங்கவில்லை.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் கிரேஸைப் பக்கவாதம் அடித்தது. பிழைத்து வீடு வந்தாள். வலது கை வேலை செய்யவில்லை, கால் இழுத்தது. அதைவிடக் கொடுமை, நினைப்பதெல்லாம் தெளிவாக இருந்தும் சொல் வரவில்லை. கணவர் கிளெமென்டின் பெயர்கூட நாக்குக்கு எட்டவில்லை.

ஒருநாள் அவள் கையிலிருந்த கோப்பை நழுவி, தேநீர் தரையெல்லாம் ஓடியது. "டுவைல்" என்றாள். கிளெமென்ட் வடக்கே லீட்ஸ் நகரத்துக்காரர், இந்த ஊர்ப் பேச்சு தெரியாதவர். அவருக்குப் புரியவில்லை. தட்டை எடுத்து நீட்டினார், பிறகு போர்வையை. "டுவைல், டுவைல்" என்று சொல்லி கிரேஸ் அழத் தொடங்கினாள்.

அப்போது சமையலறை வாசலில் முட்டைக் கூடையோடு பெகி நின்றிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வந்தவள், உள்ளே வரலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க கிளெமென்ட். அவ தரை தொடைக்கிற துணி கேக்குறா. எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து துணியை எடுத்துத் தானே மண்டியிட்டுத் துடைத்தாள். கிரேஸ் அவள் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் வந்த பிறகு ஒரு சொல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் இமோஜன் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "சின்ன வயசுல வீட்டுல பேசின சொல்லெல்லாம் தப்பிச்சிருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டே மத்ததுக்குப் போவோம். அந்தப் பேச்சு தெரிஞ்சவங்க தினமும் பக்கத்துல இருந்தா நல்லது."

பெகி தினமும் வந்தாள். ஜன்னலைக் காட்டி கிரேஸ் "ரோக்" என்றால், ஆற்றிலிருந்து மூடுபனி ஏறுகிறது என்று கிளெமென்டுக்குச் சொல்வாள். கோஸ் இலையைப் பார்த்து "டாட்மன்" என்றால், நத்தையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிவாள்.

நடுவில் பெகி தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க கிரேஸ் "மார்டில்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் மதுக்கடையில் விசாரித்தார். குளம் என்றார்கள். குளிர்காற்றில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளக்கரைக்கே போய்விட்டார். கிரேஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் எதிர்க்கரைக்குத் தள்ளினார். அங்கும் தலையாட்டல்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெகி இருவரையும் பார்த்து நின்றாள்.

"மூக்கெல்லாம் செவந்து போச்சே. இங்க என்ன பண்றீங்க?"

"மார்டில் வேணுமாம். வந்தாச்சு. ஆனா இது இல்லையாம்."

பெகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது குளமும்தான். ஆனா எங்க ஊருல உக்காந்து அரட்டை அடிக்கிறதுக்கும் அதே சொல்லுதான்." சிரிப்பு மெல்ல நின்றது. "யார்கூடடி அரட்டை அடிக்கணும் உனக்கு?"

கிரேஸ் நல்ல கையை நீட்டி அவள் கோட்டைப் பிடித்தாள்.

பெகி குளத்தின் பக்கம் திரும்பி நின்றாள். "அந்த நாய் விஷயத்துல நான் பேசினது தப்புடி" என்றாள். கிரேஸ் கோட்டை விடவில்லை.

குளிர்காலம் முழுக்க இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். பெரும்பாலும் பெகி பேச, கிரேஸ் நடுவில் ஒரு சொல்லைப் போடுவாள். பழைய சொல் ஒன்று வந்தால் அதன் பின்னால் புதியது ஒன்று தட்டுத்தடுமாறி வரும். வசந்தத்தில் ஒரு காலை, கிளெமென்ட் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது, "கிளெம், கருகுது" என்றாள். அவர் ரொட்டியைக் கருகவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. கிழமைப் பெயர்கள் இன்றும் குழம்பும். ஆனால் கோடையில் தடியூன்றித் தனியாகவே பெகி வீடு வரை நடந்தாள். பெகி தோட்டத்தில் பட்டாணி பறித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னால..." என்று தொடங்கி நின்றாள் கிரேஸ். அடுத்த சொல்லைத் தேடினாள். "உன்னாலதான் பெகி."

"சரி சரி, உக்காரு" என்று பெகி பட்டாணிக் கிண்ணத்தை அவள் மடியில் வைத்தாள். "ஒரு கையால உரிக்க முடியுதா பாரு."

முடிந்தது.