கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருபவர்

பெரிய கம்பெனிகளிடமும் அரசு அலுவலகங்களிலும் சின்னப் பட்டறைக்காரர்களுக்காகச் சண்டை போடும் ஒருவர் அம்பத்தூரில் உண்டு. ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

நூல் அறுந்ததும் தையல் மெஷினைத் தானாக நிறுத்தும் ஒரு கருவியை நான் செய்திருந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர், தான் செய்ததை ஒரு கம்பெனி அதிகாரிக்குப் பெருமையாகக் காட்டிப் பறிகொடுத்தவர். அவர்தான் இவரை மேனாம்பேட்டில் இருக்கும் என் பட்டறைக்கு அனுப்பினார். இவரே கம்பெனி ஆளாக இருந்தால்? கருவியின் மேல் அவசரமாகச் சாக்கைப் போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, என்னப் பாத்தா திருடன் மாரி கீதா?" என்று சிரித்தார். "நல்லா மூடு. கண்ணாடி இல்லாங்காட்டி எனக்கு ஒண்ணியும் தெரியாது. மொதல்ல காப்புரிமைக்கு மனு போடு. அதுவரைக்கும் எவனுக்கும் காட்டாத, எனக்குங்கூட."

"பாக்காம எனக்காக எப்படிப் பேசுவீங்க?"

"மனு போட்டப்பறம் பாத்துக்கறேன். அப்பால எவன் வந்தாலும் நான் கேக்கறேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் போகும்போது, கண்ணாடி போடாமலே, வாசலில் குறுக்கே கிடந்த மெல்லிய செம்புக் கம்பியை அழகாகத் தாண்டிப் போனார்.

அவர் சொன்னபடியே மனு போட்டுவிட்டேன். இப்போதும் வருகிறார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறார். காட்டு என்று அவர் கேட்பதில்லை. சாக்கை நானும் எடுப்பதில்லை.