மழைநாளில் இறங்காத பொடி

மயிலாப்பூரில் நான் வேலை செய்யும் மசாலாக் கம்பெனியில், பாக்கெட் போடும் மெஷினுக்கு மேலே பெரிய எவர்சில்வர் புனல் இருக்கிறது. மழை ஈரத்தில் மிளகாய்ப்பொடி அதில் அடைத்துக்கொள்ளும். மரச்சுத்தியால் தட்டி இறக்குவது என் வேலை.

அன்றைக்கு என் கூட்டாளி வரவில்லை. ஆற்றோரத்து வீட்டை இடித்து அவளை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மழையென்றால் பஸ் தாமதம். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு வந்தால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். அவளுக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை. புனலின் குறுகலான அடிப்பக்கம் தட்டினால்தான் பொடி இறங்கும், மெஷினும் ஓடும். நான் மேல்விளிம்பிலேயே தட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, இன்னும் எறங்கலியா?"

"ஈரம் சார்."

அவள் நனைந்தபடி ஓடிவந்தாள். உடனே அடிப்பக்கம் ஓங்கித் தட்டினேன். பொடி பொலபொலவென்று இறங்கியது.

சூப்பர்வைசர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொடிகூட உனுக்காகக் காத்துக்கினு இருந்திச்சி. போ, தலையத் தொடச்சிக்கினு வா" என்றார் அவளிடம்.