மாமாவுக்குக் குளிர்ந்த ஊர்

உங்கள் மாமியின் காதுகளை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? வலது காதுத் தோடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இடது காதுத் தோடு ஒரு அரிசி அளவு மேலே ஏறியிருக்கும். போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீங்கள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தீர்கள். மாமி கோபிக்கவில்லை. "உங்கடை அப்பாவிட்டைக் கேளுங்கோ, அவர்தான் சாட்சி" என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போய்விட்டாள். வாயால் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது, உங்கள் மாமியான என் தங்கைக்கு நாலு. பலெர்மோவில், போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். இங்கே இத்தாலியில் பெண் குழந்தை பிறந்த கையோடு காது குத்திவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கையோ நாலு வயதிலும் வெறுங்காதோடு திரிந்தாள். தலைமயிரையும் கட்டையாக வெட்டியிருந்ததால் கபோ சந்தை மீன்காரர் அவளைப் பையன் என்றே நினைத்திருந்தார். அம்மா வேலை செய்த வீட்டுச் சின்யோரா, தனக்குத் தெரிந்த நகைக்கடை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அம்மா சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். ஆனால் கூட்டிப் போக மாட்டார்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்துவது. அம்மாவுக்கு இருந்தது ஒரேயொரு அண்ணன். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அம்மாவும் அப்பாவும் அகதிகளாக வந்தவர்கள். அவர்களிடம் இருந்த பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. மாமா இத்தாலிக்கு வர விசா கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. ஆகவே இரண்டு பக்கத்தாரும் கால் வைக்கக்கூடிய மூன்றாவது ஊர் ஒன்றைத் தேடினார்கள். தாய்லாந்தில், பாங்கொக்கிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில், அயுத்தயா என்று ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது. ஊரைச் சுற்றிவர ஆறு. மார்கழி மாதத்தில் வெயிலும் குறைவு, அறையும் மலிவு. அங்கே ஒரு கிழமை சந்திப்பது என்று முடிவாயிற்று.

இவையெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்று எனக்குச் சொன்னது "மாமாவைப் பாக்கப் போறம்" என்பது மட்டும்தான்.

அயுத்தயா ரயில் நிலையத்தில் இறங்கியபோது மாமா மேடையில் நின்றார். அவர் இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டவர். எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு முன்னால் நடந்தார். படகுக்காரருக்குக் கையைத் தூக்கினார், அவரும் பதிலுக்குத் தூக்கினார். தேநீர்க்கடைப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இது மாமாவின் ஊர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் தங்கியிருந்த விடுதி அறைதான் அவர் வீடு என்றும் நினைத்தேன்.

மாமாவும் என்னைத் திருத்தவில்லை.

"மாமா, இந்த ஆறு ஏன் ஊரைச் சுத்திப் போகுது?"

"நான்தான் சொன்னனான் மருமோன். உள்ளுக்கை வராதை, பிள்ளையள் விளையாடுற இடம், சுத்திப் போ எண்டு."

அந்த ஊர்க்காரருக்கு அது குளிர்காலம். காலையில் ஆற்றின் மேல் புகை மாதிரிப் பனி நிற்கும். கடைக்காரர்கள் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். தெருநாய்களுக்குக்கூட யாரோ சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். மாமா கம்பளிச் சட்டையும் காதை மூடிய தொப்பியுமாகத் திரிந்தார். பலெர்மோ குளிரில் வளர்ந்த எனக்கு அது குளிராகவே படவில்லை. அரைக்கைச் சட்டையோடு ஓடினேன். அம்மாவின் ஆக்கினை தாங்காமல் ஜாக்கெட்டை மட்டும் இடுப்பில் கட்டியிருந்தேன்.

பகலில் பழைய கோயில்களைப் பார்த்தோம். செங்கல் கோபுரங்கள், தலையில்லாத புத்தர் சிலைகள், கூரை போன மண்டபங்கள். அப்பா களைத்துப்போய், "இடிஞ்ச கட்டடம் பாக்கவோ மச்சான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டார்.

"எங்கடை ஊரிலை எண்டால் ரிக்கெட் எடுக்காமலே பாக்கலாம்" என்றார் மாமா. பெரியவர்கள் மூவரும் சிரித்தார்கள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. தங்கை மாமாவிடம் போகவில்லை. அதுவரை மாமா என்றால் அவளுக்கு ஒரு தொலைபேசிக் குரல். அந்தக் குரலுக்குக் கையும் காலும் மீசையும் முளைத்து வந்து எதிரே நின்றதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாமா பஞ்சுமிட்டாயை மெல்லிய ரொட்டியில் சுற்றிக் கொடுத்தார். அந்த ஊரில் அது பேர்போன தின்பண்டம். அவள் அதை என்னை வாங்கித் தரச் சொல்லித் தின்றுவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இவர் ஆர்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணை, இவள் உங்கடை மடியிலை இருக்காட்டி நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார் அம்மா.

"கட்டிப் பிடிச்சு இருத்துவம்" என்றார் அப்பா.

"வேண்டாம் மச்சான். குழற வைச்சு இருத்துறதுக்கு நான் என்ன ஊசி போடுற டொக்டரே? அவள் வருவாள்."

புறப்படுவதற்கு முதல் நாள் விடுதிக்கார அம்மா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடைக்கு எங்களைக் கூட்டிப் போனார். சுவரெல்லாம் சிவப்பு. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஊசியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாமா யாழ்ப்பாணத்தில் செய்வித்துக் கொண்டுவந்த தோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு முக்காலியில் தானே போய் இருந்துகொண்டு மடியைத் தட்டிக் காட்டினார். தங்கை அசையவில்லை.

கடைக்காரருக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? முக்காலியில் இருப்பவருக்குத்தானே காது குத்துவது? அவர் பேனாவை எடுத்தார். மாமாவின் தொப்பியை மரியாதையாக மேலே தூக்கிவிட்டு, அவருடைய காதில் ஒரு புள்ளி வைத்தார்.

அப்பா வெடித்துச் சிரித்தார். விடுதிக்கார அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதர் பேனாவோடு திகைத்து நின்றார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார்.

"மருமோள், பாத்தியளே, எனக்கெல்லோ குத்தப் போறார். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. ஆரும் பக்கத்திலை இருந்தால் நல்லது."

தங்கை எட்டிப் பார்த்தாள். அந்தப் புள்ளியைப் பார்த்தாள். மெல்ல வந்து அவர் மடியில் ஏறி, அவருடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ" என்றாள்.

அம்மா கண்ணைக் காட்டினார். கடைக்காரர் கெட்டிக்காரர், உடனே விளங்கிக்கொண்டார். இரண்டு சின்னக் காதுகளிலும் புள்ளி வைத்து, அவள் மாமாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது காதைக் குத்திவிட்டார். தங்கை வாயைத் திறந்தாள். அழப் போகிறாள் என்று நான் காதைப் பொத்தினேன். ஆனால் அவள் நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் நொந்ததோ?" என்று கேட்டாள்.

"ஓமடா. பொல்லாத நோ."

அடுத்தவர் முந்திக்கொண்டதால் அவளுக்கு அழுகை வரவில்லை. இடது காதுக்கு ஊசி வந்தபோது அவள் சிலை மாதிரி இருந்தாள். மடிதான் நடுங்கியது. முழங்கால், கை, தோள் எல்லாம் நடுங்கின. ஊசி ஒரு அரிசி அளவு மேலே போய்விட்டது. மாமியின் காதுக் கதை இவ்வளவுதான்.

பாவம், மாமாவுக்குக் குளிர்கிறது என்று நான் நினைத்தேன். இடுப்பில் கட்டியிருந்த ஜாக்கெட்டை அவிழ்த்து அவர் தோளில் போட்டேன். அது அவருடைய பாதி முதுகுக்குத்தான் காணும். அவர் அதைக் கழற்றவேயில்லை. அதோடேயே விடுதிக்கு நடந்தார், தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு.

வருடங்கள் போய் அம்மாவுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்து, யாழ்ப்பாணம் போகலாம் என்ற காலம் வந்தபோது மாமா இல்லை. நோய் வந்து போய்விட்டார். அம்மாவுக்கு அவர் அண்ணனோடு கிடைத்தது அந்த ஒரு கிழமைதான். ஆனால் அந்த ஒரு கிழமை கிடைத்தது. நாங்கள் அந்த ஊருக்கு யாருமில்லை, அவர்களுடைய பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. இருந்தும் எங்கள் குடும்பம் ஒன்றாக இருக்க ஒரு முக்காலி கொடுத்தார்கள். இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோவில் வேலை முடிந்து கடற்கரையில் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்தக் கடைக்காரரை நினைப்பேன். மனதுக்குள் கும்பிடுவேன்.

வருகிற மாதம் மாமியின் மகளுக்குக் காது குத்தப் போகிறோம். தாய்மாமன் நான். எந்தப் பத்திரமும் வேண்டாம், பஸ் ஏறினால் போய்விடலாம். என் மடி நடுங்கினால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

இனி, நாங்கள் புறப்பட்ட காலை. ரயிலுக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். மாமாவுக்கு அடுத்த நாள்தான் விமானம். எனக்கு அது தெரியாது. அவர் துறையோடு நின்றுகொண்டார்.

"நீங்கள் வரேல்லையோ மாமா?"

"என்ர ஊர் இந்தக் கரையோடை முடியுது மருமோன். அங்காலை வந்தால் ஊரை ஆர் பாக்கிறது?"

படகு விலகியது. அப்போதுதான் என் ஜாக்கெட் அவர் தோளிலேயே கிடப்பதைக் கண்டேன். அம்மாவிடம் காட்டினேன். "விடு" என்றார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"மாமா, அதை வைச்சிருங்கோ! அடுத்த முறை பெரிசு கொண்டு வாறன்! இஞ்சை உங்களுக்குக் குளிருது!"

"ஓம் மருமோன்! கொண்டு வாங்கோ! நான் இஞ்சைதான் நிப்பன்!"

அம்மா அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது குத்தியாயிற்று, தோடு போட்டாயிற்று, தங்கைகூட அழவில்லை.

"ஏன் அம்மா அழுறியள்? மாமாவின்ர வீடு இஞ்சைதானே இருக்கு. திரும்பவும் வருவம்தானே" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் பார்க்க ஏதோ இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஆறுதான். மாமா சொன்ன சொல்லைக் கேட்டு, ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.